விற்றது போக அல்ல, உண்டது போக!

மார்கழி, தை மாதங்களில் மதியம் என்ன சமைப்பது என்று யோசிக்கவே வேண்டாம். வரப்போரம் மொச்சை காய்த்திருக்கும். அதை உரித்து, நான்கு கத்தரிக்காய், புளி சேர்த்தால் குழம்பு. சாமைச் சோறு, முருங்கைக்கீரைப் பொரியலோடு சாப்பாடு முடிந்தது.

ஆனால், பல உழவர் வீடுகளில் நடப்பது என்ன? விளைந்ததையெல்லாம் மூட்டை கட்டி அனுப்பிவிட்டு, வாடிய காயைக் கடையில் வாங்குகிறோம். இதில் இழப்பது காசு மட்டுமல்ல. நாட்டு மொச்சை பகல் பொழுது குறையும்போதுதான் பூக்கும். ஆண்டுக்கு ஒரு பருவம்தான். சில பருவம் விதைக்காமல் விட்டால், வீட்டிலிருக்கும் விதை வண்டு துளைத்து முளைப்புத்திறனை இழந்துவிடும். சமைக்காத வீட்டில் விதை தங்காது.

வரும் ஆடிப்பட்டத்தில் வரப்பில் பத்துக் குழி மொச்சை ஊன்றுங்கள். நோயில்லாத இரண்டு கொடிகளை விதைக்கென்று விட்டு, நெற்றை நன்றாகக் காயவைத்து, சாம்பல் கலந்து வையுங்கள். எள், கடலையில் வீட்டுக்கானதை உள்ளூர்ச் செக்கில் ஆட்டி வாங்குங்கள். மிஞ்சிய காயை உழவர் சந்தைக்குக் கொண்டு செல்லுங்கள். 1999-ல் மதுரையில் தொடங்கிய அந்தச் சந்தை, இடைத்தரகர் இல்லாமல் நீங்களே விற்பதற்கானது.

விரிவாக்கப் பணியாளர்களே, அடுத்த முறை வயலுக்குப் போகும்போது மகசூலை மட்டும் கேட்காதீர்கள். அன்றைய மதியக் குழம்பு எந்த வயலில் விளைந்தது என்றும் கேளுங்கள்.