போன் செய்தது யார்?

குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவரைக் கண்டால் காவல்துறைக்குச் சொல்லுங்கள் என்று சாலைப் பாதுகாப்பு விழாக்களில் மாணவர்களிடம் தவறாமல் சொல்கிறார்கள். நல்ல அறிவுரைதான். சொன்ன பிறகு என்ன நடக்கும் என்பதை மட்டும் எந்த மேடையிலும் யாரும் பேசுவதில்லை. சொன்னவர் காலனியில் குடியிருப்பவர், வண்டியை ஓட்டியவர் ஊர்த்தெருவில் செல்வாக்குள்ள வீட்டுக்காரர் என்றால் என்ன நடக்கும் என்று கேட்டால், பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடுகிறது.

நடப்பது நமக்குத் தெரியாததல்ல. 100க்கோ 112க்கோ அழைப்பு போகிறது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து ரோந்து வாகனத்துக்குத் தகவல் வருகிறது, அழைத்தவரின் எண்ணோடு. ரோந்துக் காவலர் அந்த எண்ணுக்கே கூப்பிட்டு இடம் கேட்கிறார். அதுவரை தவறில்லை, இடம் தெரியாமல் அவர் எங்கே போவார்? வண்டி மடக்கப்படுகிறது. ஓட்டியவர் காவலருக்குத் தெரிந்தவர், அல்லது தெரிந்தவருக்குத் தெரிந்தவர். "எவன் சொன்னான்?" என்கிறார். "காலனிப் பக்கமிருந்து போன் வந்ததுங்க" என்று பதில் கிடைக்கிறது. பெயரைச் சொல்லவில்லையே என்று காவலர் நிம்மதியாக இருக்கலாம். அவர் சொன்னது பெயரைவிடப் பெரிய அடையாளம்.

நகரத்தில் ஒரு பகுதியின் பெயரைச் சொன்னால் ஆயிரம் வீடுகளில் ஒரு வீட்டைத் தேட வேண்டும். நம் கிராமங்களில் ஊர் ஓரிடம், காலனி ஓரிடம். நாற்பது வீடுள்ள குடியிருப்பில், அந்த நேரத்தில் ரோட்டோரம் நின்றவர்கள் நான்கைந்து பேர். அவர்களில் கல்லூரிக்குப் போகிற பையன் ஒருவன். ஆளைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆள் பிடிபடாவிட்டால் இன்னும் மோசம், தெருவே சொன்னதாகிவிடும். மறுநாள் நடவுக்கு ஆள் கூப்பிட வருபவர் வரமாட்டார். வரப்பில் புல் அறுக்கக் கூடாது என்பார்கள். மளிகைக் கடையில் கடன் நோட்டு மூடப்படும். அந்தரங்கம் என்பதைத் தனி ஒருவரின் பெயர், முகவரி, போன் எண் என்று மட்டும் நினைப்பவர்களுக்கு இது புரியாது. சாதியால் பிரிந்து கிடக்கும் ஊரில் இடமே பெயர். "காலனியிலிருந்து" என்ற சொல் காவலர் வாயில் வரவே கூடாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவர் நம் தெருக்காரராகவும் இருக்கிறார். அவரைப் பற்றிச் சொன்னவரை "சொந்த சனத்தையே காட்டிக்கொடுத்தவன்" என்று நாமே ஒதுக்குகிறோம். 2016 டிசம்பரில் நெடுஞ்சாலையோர மதுக்கடைகளை மூட உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு கடைகள் உள்பாதைகளைத் தேடி வந்ததையும், 2017இல் ஊர் ஊராகப் பெண்கள் மறித்து உட்கார்ந்ததையும் மறந்திருக்க மாட்டோம். விற்பதும் அரசு, ஊதச் சொல்வதும் அரசு. அந்தப் பாதைகளில் இருட்டோடு வேலைக்கு நடந்து போகிறவர்கள் நாம்.

சரி, சொன்னவரின் பெயர் வெளியே வர வேண்டிய அவசியம் என்ன? பெரும்பாலும் ஒன்றுமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவு குடித்துவிட்டு ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இதை நிரூபிப்பது சீருடையில் இருக்கும் காவலர் ஊதச் சொல்லும் கருவியும், தேவைப்பட்டால் இரத்தப் பரிசோதனையும்தான். போன் செய்தவர் தந்தது தகவல். அது சாட்சியம் அல்ல. வண்டியை மடக்கியவர் காவலர், அளந்தது கருவி. தகவல் யாரிடமிருந்து வந்தது என்று சொல்லும்படி காவல் அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது என்பது 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்திலேயே இருந்த விதி. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜி) பிரிவும், நம்பிக்கையின் பேரில் தகவல் தந்தவரைக் காட்டிக்கொடுக்கும் விவரத்தைத் தர மறுக்கலாம் என்கிறது. சட்டம் பொத்தி வைக்கச் சொல்வதை ரோட்டில் நின்று உளறுவது ஆளின் பழக்கம். பழக்கத்தை மாற்ற ஒரு சுற்றறிக்கையும், மீறுபவர் மீது நடவடிக்கையும் போதும்.

விபத்து நடந்துவிட்டால் கதை வேறு. அப்போது கண்ணால் கண்டவர் தேவைப்படுகிறார். அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுபவருக்கு 2019 திருத்தத்தில் வந்த 134ஏ பிரிவும், 2020 செப்டம்பரில் வந்த விதிகளும் நல்ல பாதுகாப்பைத் தருகின்றன. பெயர், முகவரி சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. மதம், சாதி, பால் பார்த்து வேறுபாடு காட்டக் கூடாது. "சாதி" என்ற சொல்லே விதியில் இருக்கிறது. அவராக விரும்பிச் சாட்சியானால் அவருக்கு வசதியான இடத்தில், சாதாரண உடையில் வந்து விசாரிக்க வேண்டும். சாதாரண உடை என்பது நகரத்துக்குப் பொருந்தும். காலனிக்குள் அறிமுகமில்லாத பைக் ஒன்று நுழைந்தாலே ஊர்த்தெரு எட்டிப் பார்க்கும். விசாரிப்பவர் தாலுகா ஊரில் ஓர் இடத்துக்கு வரச் சொல்லிப் பேசுவதே மேல். இதில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. இந்தப் பாதுகாப்பு அடிபட்டவருக்கு உதவியவருக்குத்தான். அடிபடுவதற்கு முன்பே போன் செய்து விபத்தைத் தடுத்தவருக்கு இதே அளவு தெளிவான விதி இல்லை.

2018ஆம் ஆண்டின் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறதே என்று வழக்கறிஞர்கள் சொல்வார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைச் சட்டத்துக்கு நிகராக ஏற்றது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனுச் செய்தால், டிஎஸ்பி நிலை அதிகாரி மிரட்டலின் அளவை ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும். ஆனால் பெண்களுக்கு எதிரான சில குற்றங்களைத் தவிர, ஏழு ஆண்டும் அதற்கு மேலும் சிறைத் தண்டனை உள்ள குற்றங்களுக்குத்தான் அது. குடித்து ஓட்டியதற்கு ஆறு மாதம். கவனக்குறைவால் மரணம் என்று வழக்குப் போட்டால் ஐந்து ஆண்டு. இரண்டும் வாசலுக்கு வெளியே நிற்கின்றன. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பிஎன்எஸ்எஸ்) 398ஆவது பிரிவு ஒவ்வொரு மாநிலமும் சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது. மாநிலத் திட்டம் தண்டனைக் காலத்தைப் பார்த்து அல்ல, மிரட்டலின் அளவைப் பார்த்துக் கதவைத் திறக்க வேண்டும்.

1999 ஜனவரியில் டெல்லியில் பிஎம்டபிள்யூ கார் மோதி ஆறு பேர் இறந்தார்கள். தலைநகரம், அத்தனை பத்திரிகை வெளிச்சம். அந்த வழக்கிலேயே சாட்சிகள் பிறழ்ந்தார்கள். நம் பக்கம் வந்தால், மேலவளவு வழக்கை மதுரையிலிருந்து சேலத்துக்கும், கோகுல்ராஜ் வழக்கை நாமக்கல்லிலிருந்து மதுரைக்கும் மாற்ற வேண்டியிருந்தது. கொலை வழக்குகளை ஒரு விபத்து வழக்கோடு ஒப்பிடவில்லை. உள்ளூர் என்பது சாட்சியின் மேல் எவ்வளவு பாரமாக உட்காரும் என்பதற்காகச் சொல்கிறோம். அதற்காகச் சாட்சியின் பெயரை நீதிமன்றத்திலேயே மறைத்துவிடலாம் என்றும் சொல்ல முடியாது. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமை. பொய் வழக்குகளில் நிற்கும் நம் பிள்ளைகளுக்கும் அந்த உரிமை வேண்டும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 15ஏ பிரிவு சாட்சிக்கு நிறையத் தருகிறது: பொதுமக்கள் பார்க்கும் ஆவணங்களில் பெயர், முகவரியை மறைப்பது, இடம் மாற்றித் தங்க வைப்பது, பயணச் செலவு. ஆனால் இது அந்தச் சட்டப்படி பதிவான வழக்குக்கு மட்டும். தகவல் சொன்ன தலித் இளைஞரைச் சாதி சொல்லித் திட்டினால், வேலை தர மறுத்து ஒதுக்கினால் அதுவே தனிக் குற்றம். அப்போது இந்தப் பாதுகாப்பு கிடைக்கும். அடிபட்ட பிறகுதான் கிடைக்கும் என்பதுதான் குறை. அதற்கும் "வாய்த்தகராறு" என்று எழுதி அனுப்பிவிடாமல் வழக்காகப் பதிய வைக்க வேண்டும். புகாரை எழுத்தில் கொடுத்து, வழக்குப் பதியும்வரை சிஎஸ்ஆர் ரசீதாவது வாங்காமல் நிலையத்தை விட்டு வராதீர்கள். மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். வன்கொடுமை வழக்கை விசாரிக்க வேண்டியவர் டிஎஸ்பி.

முதல் தகவல் அறிக்கையை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பது 2016இல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு. புகார்தாரரின் பெயரும் தெருவும் அதோடு ஏறிவிடும். உணர்வுபூர்வமான வழக்கை ஏற்றாமல் நிறுத்தி வைக்க டிஎஸ்பிக்குக் குறையாத அதிகாரி முடிவெடுக்கலாம் என்றும் அதே உத்தரவு சொல்கிறது. விபத்து வழக்கில் புகார் தருபவர் இதை அன்றைக்கே எழுதிக் கேட்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. போனில் வண்டி எண், நிறம், போகும் திசை, இடம் சொல்லுங்கள். என் எண்ணையும் தெருவையும் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேளுங்கள். வீடியோ எடுத்திருந்தால் காவல்துறைக்குக் கொடுங்கள், ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள். எந்தத் திண்ணையிலிருந்து எடுத்தது என்பதை அந்தப் படத்தின் கோணமே காட்டிக்கொடுக்கும்.

வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். அடுத்த கூட்டத்தில் உறுப்பினர்கள் காவல் கண்காணிப்பாளரிடம் இரண்டு கேள்விகளைக் கேட்கட்டும். அழைத்தவரின் எண் ரோந்து வாகனத்தில் யார் யார் கண்ணில் படுகிறது? தகவல் தந்தவரை வெளியே சொன்னதற்காக இந்த மாவட்டத்தில் இதுவரை எத்தனை காவலர்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டிருக்கிறது?