குடியிருக்க நல்ல ஊர் எது?

"வாடகை கொடுத்து மாளவில்லை. சொந்தமாக ஒரு வீடு கட்டிவிடலாம்" என்று கணவனும் மனைவியும் முடிவு செய்கிறார்கள். எந்த ஊரில் கட்டுவது? பட்டணத்தை ஒட்டிய புறநகரிலா, கல்லூரி உள்ள சிறிய ஊரிலா?

தாம்பரத்தையும் சிதம்பரத்தையும் எடுத்துக்கொள்வோம். பெயர்கள் ஒன்றுபோல் ஒலிக்கின்றன. வாழ்க்கையோ வேறு!

தாம்பரத்தை வளர்த்தது ரெயில். 1931-ம் ஆண்டிலேயே கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரெயில் ஓடத் தொடங்கியது. வேலை சென்னையில், வீடு தாம்பரத்தில் என்று மக்கள் குடியேறினார்கள். 1937-ல் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியும் அங்கு வந்தது. ஆனாலும் அந்த ஊர் கல்லூரியை மட்டும் நம்பி இல்லை. 2021-ல் அது மாநகராட்சியாகிவிட்டது.

சிதம்பரத்தில் கோவில் ஒரு பக்கம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் மறுபக்கம். 1929-ல் தோன்றிய பல்கலைக்கழகம் அது. அதன் மருத்துவக் கல்லூரி 1985-ல் வந்தது. சிறிய ஊருக்குப் பெரிய ஆஸ்பத்திரி கிடைத்தது. பள்ளிக்கூடம், கடைவீதி, கல்லூரி எல்லாம் கூப்பிடு தூரம்.

அப்படியானால் எல்லோரும் சிதம்பரம் போய்விடலாமா? முடியாது. அங்கே படிப்பு உண்டு. படித்தவர்கள் எல்லோருக்கும் வேலை இல்லை. பட்டம் வாங்கிய பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரெயில் ஏறுகிறான். விடுமுறை விட்டால் மாணவர்களை நம்பிய கடைகளில் வியாபாரம் படுத்துவிடும். புறநகரில் அந்தக் கவலை குறைவு. ஒரு வேலை போனால் இன்னொன்றைத் தேடலாம்.

ஆனால், அதற்குக் கொடுக்கும் விலை என்ன? கணக்குப் போடுங்கள். போக ஒரு மணி, வர ஒரு மணி. மாதம் 25 நாள் என்றால் 50 மணி நேரம். ஆண்டுக்கு 600 மணி. அதாவது, முழுதாக 25 நாட்கள் இரவு பகலாக ரெயிலிலேயே! அப்பா வீடு திரும்பும்போது குழந்தை தூங்கிவிடுகிறது.

கணவன், மனைவி இருவருக்கும் சென்னையில் வேலை என்றால் புறநகர்தான் சரி. வேறு வழியில்லை. ஆனால் ஆசிரியர், வியாபாரி, ஓய்வு பெற்றவர் ஆகியோருக்குக் கல்லூரி ஊரே மேல். படித்த பிள்ளைகளுக்கு அந்த ஊரிலேயே வேலை கிடைக்க அரசாங்கம் வழி செய்தால், பாதிப் பேர் பட்டணத்துக்கு ஓட மாட்டார்கள்.

மனையை அளக்கும் முன், உங்கள் நேரத்தை அளந்து பாருங்கள். மனையை விற்றுவிட்டு வேறு வாங்கலாம். பிள்ளையின் சின்ன வயது திரும்பி வராது.