கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடியவர்

சார்லி சாப்ளின் 1936-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மாடர்ன் டைம்ஸ்' படத்தில், ராக்காவலுக்கு அமர்ந்த பெருங்கடை ஒன்றின் மாடியில், கண்களைத் துணியால் கட்டிக்கொண்டு, சக்கரக் காலணி அணிந்தவராய், கைப்பிடி இல்லாத விளிம்பைத் தொட்டுத் தொட்டு மீளுகிற காட்சியை மூச்சை அடக்கிக்கொள்ளாமல் பார்த்தவர் எவரும் இருக்க மாட்டார். அந்தப் பாதாளம் காமிராவுக்கு முன்னே நிறுத்திய கண்ணாடியில் தீட்டிய சித்திரமே. கால்களின் லாவகமோ சித்திரமல்ல, 1916-லேயே 'தி ரிங்க்' என்ற குறும்படத்தில் அவர் காட்டிவிட்ட மெய்யான வித்தை.

ஜீன் கெல்லியையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1955-இல் ஒரு படத்தில், தெருவில் சக்கரக் காலணியோடு தாளம் தப்பாமல் ஆடிய அவர், இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 'ஸனாடு' படத்திலும் முதிய வயதில் சக்கரங்களின்மேல் ஏறினார். அதற்குள் காலம் மாறியிருந்தது. களிமண்ணாலும் உலோகத்தாலும் ஆன பழைய சக்கரங்களின் ஸ்தானத்தில், அதிர்ச்சியைத் தாங்கும் பாலியூரிதேன் சக்கரங்கள் வந்தபின், மேலைநாட்டு இளைஞர்கள் டிஸ்கோ இசைக்குச் சுழன்றாடும் மோகம் பரவி, 1979-இல் 'ரோலர் பூகி', 'ஸ்கேட்டவுன் யு.எஸ்.ஏ.' முதலிய படங்கள் பிறந்தன. அவற்றில் விளக்கொளியும் பளபளப்பான உடைகளும் ஏராளம். ஆனால் ஒரு பிள்ளை எத்தனை தடவை விழுந்து அந்த வித்தையைக் கற்றது என்ற விஷயத்துக்கு அவை கொடுத்த இடம் சொற்பம்.

அந்தக் குறையைத் தீர்த்த படம் நம் நாட்டிலேயே வந்தது. அமோல் குப்தே 2014-இல் எடுத்த 'ஹவா ஹவாய்' என்ற இந்திப் படத்தில், மும்பைத் தேநீர்க் கடையில் வேலை செய்கிற ஏழைச் சிறுவன், பகலில் கார்கள் நிற்கும் திடலில் இரவில் பயிற்சி பெறுகிற பிள்ளைகளை ஏக்கத்தோடு பார்த்து நிற்க, அவனுடைய சிநேகிதர்கள் காயலான் கடைச் சாமான்களைக் கொண்டே அவனுக்குச் சக்கரக் காலணி செய்து தருகிறார்கள். பிரயாசைதான் அங்கே கதை. ஆகவே அது நெஞ்சில் நிற்கிறது.

கபடிக்கு 'வெண்ணிலா கபடிக்குழு', குத்துச்சண்டைக்கு 'இறுதிச்சுற்று', கிரிக்கெட்டுக்கு 'கனா' என்று முழுப் படங்களை அளித்த தமிழ்த் திரையுலகம், இந்த விளையாட்டையும் அந்த வரிசையில் சேர்க்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. 2025 செப்டம்பரில், சீனாவின் பெய்டாய்ஹே நகரில், சென்னை இளைஞர் ஆனந்த்குமார் வேல்குமார் 1000 மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்து, வேகச் சறுக்கலில் உலகச் சாம்பியனான முதல் இந்தியர் என்ற பெருமையைப் பெற்றார். அதற்கு முன்பு, 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில், தொடரோட்டத்தில் வெண்கலம் வென்ற ஆடவர் அணியில் அவரும், பெண்கள் அணியில் தமிழகத்தின் கார்த்திகா ஜெகதீஸ்வரனும் ஆரத்தி கஸ்தூரிராஜும் இருந்தார்கள்.

தாமிரபரணிக் கரையிலுள்ள எங்கள் ஏரலில், ஆடி அமாவாசைக்கு அருணாசல சுவாமி கோயிலில் திரளும் ஜனங்கள் கலைந்த பிறகு வெறிச்சோடும் வீதியைப் பார்க்கும்போதெல்லாம், இங்கேயும் ஒரு பிள்ளை சக்கரம் கட்டிப் பழகலாமே என்று மனம் ஏங்குகிறது. அந்த ஆசையை அவனுக்கு முதலில் ஊட்ட வல்லது சினிமாவே. இந்த விளையாட்டைப் படமாக்க முன்வரும் இயக்குநர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்றுதான்: வெற்றிக் கோட்டை மட்டும் காட்டாமல், முழங்கால் சிராய்ந்த நாட்களையும் படத்தொகுப்பில் வெட்டிவிடாமல் வைத்திருங்கள்.