பழவேற்காட்டுப் பயணமும் நம் பொறுப்பும்

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் நம் முத்தாபுதுப்பேட்டையில் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து வேன் பிடித்துப் பழவேற்காட்டுக்குச் செல்வது வழக்கமாகிவிட்டது. காலையில் கிளம்பிச் செங்குன்றம், பொன்னேரி வழியாகச் சென்றால் லுஹர் தொழுகைக்கு முன்பே ஊர் சேரலாம். மெரினாவின் நெரிசலில் பிள்ளைகளைத் தேடித் திரிவதைவிட இது எவ்வளவோ மேல் என்பதே நம் கருத்தும். ஆனால் போகிற ஊரை நாம் பார்க்கிறோமா என்பது வேறு கேள்வி.

வேன் நேராகப் பாலத்தைக் கடந்து கலங்கரை விளக்கத்தருகே கடற்கரையில் போய் நிற்கிறது. பிரியாணிச் சட்டி இறங்குகிறது. மாலையில் சட்டி ஏறுகிறது, தட்டுகளும் நெகிழிப் பைகளும் மணலில் தங்கிவிடுகின்றன. நடுவில் கிடக்கும் ஊரோ நானூறு ஆண்டுக் கதையைச் சுமந்து நிற்கிறது. 1613இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்திரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுவே தலைமையிடம். இங்கிருந்து துணி மட்டுமா போனது? மனிதர்களும் அடிமைகளாகப் பட்டேவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். மலேசியாவில் இன்றும் பள்ளிவாசலுக்குச் செல்வோர் உடுத்தும் கட்டம்போட்ட கைலிக்குப் 'பெலிக்காட்' என்று பெயர். அது இந்த ஊரின் பெயர்தான்! மலேசியாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கே இது தெரியாது. மண்டையோடும் எலும்புக்கூடும் செதுக்கிய டச்சுக் கல்லறை வாயில், பழைய பள்ளிவாசலில் உள்ள சூரியக் கடிகாரம், பனையோலையில் பெட்டி முடையும் நம் சமுதாயப் பெண்கள் என எல்லாமே சாலைக்கு அருகில்தான் இருக்கின்றன. ஓலைப் பெட்டிக்குப் பேரம் பேசாமல் பணம் கொடுத்தால் ஒரு வீட்டில் அன்று அடுப்பெரியும்.

இவற்றையெல்லாம்விட நம்மை வருத்துவது படகு. 2011 டிசம்பர் 25 அன்று, இதே விடுமுறை நாட்களில், பழவேற்காட்டு ஏரியில் படகு கவிழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் இருந்தார்கள். அளவுக்கு மீறி ஆளேற்றிய படகு, உயிர்காப்பு உடையும் இல்லை. அதன்பின் உல்லாசப் படகுச் சவாரிக்கு அரசு தடை விதித்தது. இருந்தும் கரையில் நின்று "ஒரு சுற்று போய் வரலாமா அண்ணே?" என்று மீனவரிடம் கேட்பவர்கள் நாமேதான். அவரைக் குறைகூற வேண்டாம். மீன் கிடைக்காத நாளில் அவருக்கு அது வருமானம். கேட்பவன் கேட்காதிருந்தால் படகு ஏரிக்குள் போகாது.

"அல்லாஹ் காப்பான், ஏறு" என்று குழந்தையைத் தூக்கி வைக்கும் தந்தையரை நாம் கண்டிருக்கிறோம். ஒட்டகத்தைக் கட்டாமல் இறைவன்மேல் பொறுப்பைச் சாட்டியவருக்கு, முதலில் கட்டு, பிறகு தவக்குல் வை என்று நபிகள் நாயகம் (ஸல்) அறிவுறுத்திய செய்தியை ஜும்ஆ பயான்களில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! நம் பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நீந்தத் தெரியாத பிள்ளையை, உயிர்காப்பு உடையின்றி, தடையை மீறிய படகில் ஏற்றுவதைத் தவக்குல் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

இம்முறை வேன் பேசும்போதே ஓட்டுநரிடம் சொல்லிவிடலாம்: முதலில் பள்ளிவாசல், லுஹர் முடித்துக் கோட்டைப் பக்கம் ஒரு நடை, பிறகு ஓலைப் பெட்டி வாங்கும் வேலை, வெயில் தாழ்ந்தபின் கடற்கரை. வேனில் இரண்டு சாக்குப் பைகளும் இருக்கட்டும், குப்பையைத் திரும்பக் கொண்டுவர. படகைப் பிள்ளைகள் கரையிலிருந்தே பார்க்கட்டும்.