அறுபதுக்குப் பூஜ்யம்: மொரிஷியஸ் மாற்ற வேண்டிய தேர்தல் முறை

2024 நவம்பரில் மொரிஷியஸில் வாக்கு எண்ணி முடிந்தபோது, பெருந்தீவின் 60 இடங்களும் ஒரே கூட்டணியிடம் போய்ச் சேர்ந்திருந்தன. நவீன் ராம்கூலம் தலைமையிலான அந்தக் கூட்டணி வாங்கிய வாக்கு 62 சதவீதத்துக்குச் சற்று மேல். ஆட்சியில் இருந்த பிரவிந்த் ஜகநாத் தரப்புக்குச் சுமார் 27 சதவீதம் விழுந்தது. நான்கில் ஒருவருக்கு மேல் வாக்களித்தும் அந்தத் தரப்பில் தொகுதியை வென்றவர் ஒருவர்கூட இல்லை. பிரதமரே தோற்றார்.

இப்படி நடப்பது முதல்முறையும் அல்ல. 1982லும் 1995லும் இதே கணக்குதான்: 60க்குப் பூஜ்யம். அந்த இரு தேர்தல்களிலும் பதவியில் இருந்த பிரதமர்களான சிவசாகர் ராம்கூலமும் அனிருத் ஜகநாத்தும் சொந்தத் தொகுதியையே பறிகொடுத்தனர்.

காரணம் தேர்தல் முறையில் இருக்கிறது. பெருந்தீவில் 20 தொகுதிகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று உறுப்பினர்கள். வாக்காளர் மூன்று பேருக்கு வாக்களித்தே ஆகவேண்டும். குறைந்தாலும் கூடினாலும் வாக்குச்சீட்டு செல்லாது. பெரும்பாலோர் ஒரு கூட்டணியின் மூவரையும் சேர்த்தே தேர்ந்தெடுப்பதால், சின்ன அலை அடித்தாலும் மூன்று இடமும் ஒரே பக்கம் சாய்கிறது. கிழக்கே தனித்திருக்கும் ரோட்ரிக்ஸ் தீவுக்கு இரண்டு இடம். ஆக மொத்தம் 62.

இவற்றோடு அதிகபட்சம் எட்டு இடங்கள் ‘பெஸ்ட் லூசர்’ என்ற வழியில் நிரப்பப்படுகின்றன. வேட்புமனுவில் ஒவ்வொரு வேட்பாளரும் தன் சமூகத்தைக் குறிப்பிட வேண்டும். இந்து, முஸ்லிம், சீனர், இந்த மூன்றிலும் சேராதவர்களான ‘பொது மக்கள்’ என நான்கு பிரிவுகளை அரசியல் சட்டம் வகுத்திருக்கிறது. எந்தச் சமூகத்துக்கு மக்கள்தொகைக்கு ஏற்ற இடம் கிடைக்கவில்லையோ, அதைச் சேர்ந்த, நல்ல வாக்கு பெற்றுத் தோற்ற வேட்பாளருக்கு அந்த இடம் போகிறது. 2024 தேர்தலுக்குப் பின் எதிர்க்கட்சித் தலைவரான ஜோ லெஜோங்கார் அவைக்குள் வந்தது இந்த வழியாகத்தான். சுமார் 27 சதவீத மக்களின் குரல் சமூகக் கணக்கின் தயவில் அவைக்கு வருவது எந்த ஜனநாயகத்துக்கும் அழகல்ல.

ஆனாலும் இந்த ஏற்பாட்டை எடுத்த எடுப்பில் பழிப்பது நியாயமில்லை. மடகாஸ்கருக்குக் கிழக்கே 800 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் இந்தத் தீவில் பூர்வகுடி என்று எவரும் இல்லை. டச்சுக்காரர்கள் 1710ல் கைவிட்டுப் போன மண்ணை 1715ல் பிரெஞ்சுக்காரர்கள் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள். 1810ல் ஆங்கிலேயர் கைப்பற்றினார்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகள் கொண்டுவரப்பட்டனர். பிரெஞ்சு ஆட்சியில் துறைமுக நகரமான போர்ட் லூயிஸைக் கட்டி எழுப்பப் புதுச்சேரிப் பக்கத்துக் கைவினைஞர்கள் போனார்கள். 1835ல் அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்காக இந்தியாவிலிருந்து சுமார் நாலரை லட்சம் ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினர்.

1967 தேர்தல் உண்மையில் சுதந்திரம் வேண்டுமா வேண்டாமா என்பதற்கான வாக்கெடுப்புதான். ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேலானோர் வேண்டாம் என்ற கட்சிக்கு வாக்களித்தார்கள். இந்துப் பெரும்பான்மையின் ஆட்சியில் தங்கள் கதி என்ன என்ற பயம் அதன் பின்னால் இருந்தது. 1968 மார்ச் 12 சுதந்திர நாளுக்குச் சில வாரங்கள் முன்பு போர்ட் லூயிஸில் கலவரம் மூண்டு, பிரிட்டிஷ் துருப்புகள் வரவேண்டியதாயிற்று. அந்தப் பதற்றத்தில் பிறக்கவிருந்த நாட்டுக்கு ‘உங்கள் ஆளும் அவையில் இருப்பார்’ என்ற உறுதிமொழி தேவைப்பட்டது. அதை பெஸ்ட் லூசர் முறை கொடுத்தது.

அந்த உறுதிமொழி இன்று நிற்பது 1972ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் மேல். அதற்குப் பிந்தைய கணக்கெடுப்புகளில் சமூகம் என்ன என்ற கேள்வியே இல்லை. அந்தக் கேள்வி நாட்டைப் பிரிக்கிறது என்று கருதி நீக்கிவிட்டார்கள். நல்ல முடிவுதான். ஆனால் இடப் பங்கீடு மட்டும் பழைய எண்களிலேயே உறைந்துவிட்டது. 1972க்குப் பிறகு பிறந்து பேரப்பிள்ளை கண்டவர்கள்கூட அந்த எண்ணிக்கையில் இல்லை. சமூகத்தைச் சொல்ல மறுத்த வேட்பாளர்களின் மனுக்கள் தள்ளுபடியாயின, விவகாரம் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போய், 2012ல் அது மொரிஷியஸுக்கு எதிராகக் கருத்துச் சொன்னது. 2014ல் அந்த ஒரு தேர்தலுக்கு மட்டும் விலக்கு அளித்தார்கள்.

சமூகங்களின் அச்சம் கற்பனை என்று சொல்லிவிட முடியாது. தமிழர்களையே எடுத்துக்கொள்ளலாம். அரசியல் சட்டத்தில் அவர்களுக்குத் தனிப் பிரிவு இல்லை, ‘இந்து’வுக்குள் அடக்கம். ஆனால் தைப்பூசக் காவடி பொது விடுமுறை. ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து உண்டு. 1992ல் குடியரசானபோது முதல் குடியரசுத் தலைவரானவர் தமிழ் வம்சாவளியைச் சேர்ந்த வீராசாமி ரிங்காடு. 1998ல் வந்த புதிய நோட்டுகளில் தமிழுக்கு முன்பாக இந்தி அச்சிடப்பட்டதும் தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள், அரசு அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றது. ஒரு வரி இடம் மாறியதற்கே இவ்வளவு என்றால், அவையில் இடம் இல்லாமல் போவதை எந்தச் சமூகம் பொறுக்கும்?

அதனால் பெஸ்ட் லூசரை வெறுமனே எடுத்துவிட்டால் போதாது. அந்த இடத்தில் வாக்கு விகிதம் வரவேண்டும். 2002லேயே தென்னாப்பிரிக்க நீதிபதி அல்பி சாக்ஸ் தலைமையிலான ஆணையம், இருக்கும் 62 இடங்களோடு, 10 சதவீதத்துக்கு மேல் வாக்கு பெறும் கட்சிகளுக்கு விகிதப்படி 30 இடங்களைச் சேர்க்கச் சொன்னது. அந்த 30 இடங்களுக்கான பட்டியலில் எல்லாச் சமூகத்தவரையும் நிறுத்தும் கடமையைக் கட்சிகள் மேல் சுமத்தலாம். மொரிஷியஸுக்கு இது அந்நியமும் அல்ல: 2002 முதல் இயங்கும் ரோட்ரிக்ஸ் பிராந்தியப் பேரவையில் ஒரு பகுதி உறுப்பினர்கள் வாக்கு விகிதப்படிதான் வருகிறார்கள்.

2018ல் வந்த சீர்திருத்த மசோதா, தேவையான நான்கில் மூன்று பங்கு ஆதரவு இல்லாமல் நின்றுபோனது. 2024 தேர்தல் அந்தப் பலத்தையும் தாண்டி ராம்கூலம் கூட்டணிக்குக் கொடுத்தது. 1982ல் தன் தந்தையையே அவைக்கு வெளியே நிறுத்திய முறை இது என்பது அவருக்குத் தெரியாததல்ல. அடுத்த அலை வருவதற்குள், இந்த அவையிலேயே அந்தத் திருத்தத்தை அவர் கொண்டுவர வேண்டும்.