பெறுபேறு வரும் கிழமை

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வெளிவரும் கிழமையில் மலையகத் தோட்டங்களுக்குப் போனால் ஒரே கதையை மூன்று விதமாகக் கேட்கலாம். பெற்றோர், வாத்தியார்மார் ஒழுங்காக வருவதில்லை என்பர். ஆசிரியர்கள், வீட்டில் பிள்ளை புத்தகத்தைத் தொடுவதில்லை என்பர். அதிகாரிகள் அதிபரிடம் விளக்கம் கேட்பர். பிள்ளையிடம் மாத்திரம் எவரும் கேட்பதில்லை.

எமது மாலை வகுப்புக்கு 10ஆம் தரத்து மாணவன் ஒருவன் வந்தான். கரும்பலகையில் உள்ளதை முத்து முத்தாகப் பிரதி செய்வான். அதையே வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வான். கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாது. ஆனால் பாடசாலையில் அவனுக்கு அப்போது நடந்துகொண்டிருந்தது அட்சரகணிதம். அவனது தாயாரிடம் பேசினோம். "அவனுக்குப் படிப்பு ஏறல சேர். கொழும்புல ஒரு கடைக்கு அனுப்பப் பாக்குறோம்" என்றார். குறை தன் பிள்ளையின் தலையில்தான் என்று அவர் முழுமனதாக நம்பியிருந்தார்.

இந்தப் பிள்ளை தவறியது 11ஆம் தரத்தில் அல்ல, 2ஆம் அல்லது 3ஆம் தரத்தில் என்றே நாம் கருதுகிறோம். அதன்பின் ஆண்டுதோறும் வகுப்பேற்றப்பட்டான். வகுப்பேற்றியதைப் பிழை என்று சொல்லமாட்டோம். அதே வகுப்பில் இருத்தியிருந்தால் எப்போதோ பாடசாலையை விட்டே போயிருப்பான். ஆனால் விடுபட்டதை யாரும் இருந்து சொல்லிக் கொடுக்கவில்லை. பரிகாரக் கற்பித்தல் என்பது பல இடங்களில் பதிவுப் புத்தகத்தில் மட்டுமே நடக்கிறது.

இதற்கு ஒரு காரணம் உண்டு. பாடசாலையின் பெயர் 5ஆம் தரப் புலமைப்பரிசிலிலும் 11ஆம் தரத்திலும் தங்கியிருக்கிறது. எனவே கைதேர்ந்த ஆசிரியர் அங்கே போவார். ஆரம்ப வகுப்புகள் புதிதாக நியமனம் பெற்றவருக்கோ, இடமாற்றத்துக்குக் காத்திருப்பவருக்கோ விடப்படும். அவரும் தூரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். திங்களும் வெள்ளியும் அவர் வராதிருப்பதை நாம் நியாயப்படுத்தவில்லை. அவர் தங்குவதற்குத் தோட்டத்தில் ஓர் அறைகூட இல்லை என்பதையும் மறைக்கவில்லை.

காலையில் பெரட்டுக்குப் போய் மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பும் தாயிடம் 'பிள்ளையின் படிப்பைக் கவனி' என்று கூட்டம் போட்டுச் சொல்வது எமக்குக் கூச்சமாக இருக்கிறது. இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளோ 1970களில்தான் அரசின் பொறுப்புக்கு வந்தன. இன்றைய பிள்ளைகளின் பாட்டன் பாட்டிமார் பலர் இழந்தது அந்த இடைக்காலத்தில்தான். (சம்பளத்தைத் தவறணையில் கொடுத்துவிட்டு வாத்தியாரை ஏசும் தகப்பன்மாரை இந்தக் கணக்கில் நாம் சேர்க்கவில்லை.)

பாடசாலைக்கு அனுப்புவதைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. 1998 முதல் 14 வயது வரை என்றிருந்தது, 2016இல் 16 வரை உயர்த்தப்பட்டது. வரவு இடாப்பை யாரும் எடுத்துப் பார்க்கலாம். வந்த பிள்ளை வாசிக்கக் கற்றதா என்று பார்ப்பது யாருடைய கடமை?

எம்மையும் கேட்கத்தான் வேண்டும். எமது மாலை வகுப்புகள் இத்தனை காலமும் 10ஆம், 11ஆம் தரங்களுக்கே நடந்தன. சித்தியடைந்தோர் தொகையை அறிக்கையில் எழுதலாம் அல்லவா? 2ஆம் தரத்துப் பிள்ளை எழுத்துக்கூட்டப் பழகியதை எந்த நிரலில் எழுதுவது? நாமும் அந்த அதிபரைப் போலவேதான் நடந்திருக்கிறோம்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது முதலாம் தரத்தில் இருந்த பிள்ளைகளை நினைத்துப் பார்க்கிறோம். எழுத்துப் பழகவேண்டிய மாதங்களில் அவர்கள் லயத்து வாசலில் இருந்தார்கள். பாடம் கைபேசியில் வந்தது. பல வீடுகளில் அந்தக் கைபேசி இல்லை, இருந்த இடத்தில் சிக்னலுக்காக மலை ஏறவேண்டியிருந்தது. வகுப்பேற்றம் மட்டும் தவறாமல் நடந்தது. அவர்கள் 11ஆம் தரத்துக்கு வருவது 2030இல். அடுத்த தவணையிலிருந்து எமது மாலை வகுப்பில் பாதி நாட்களை இவர்களுக்கும் இவர்களின் தம்பி தங்கையருக்கும் ஒதுக்கியிருக்கிறோம். 11ஆம் தரத்துப் பெற்றோர் சிலருக்கு எம்மேல் கோபம்தான்.