கட்டிய கை ஒன்று, கணக்கில் ஏறும் பெயர் வேறொன்று!

கல்முனைப் பகுதியிலே பாடசாலைக் கட்டிடம் ஒன்று எழுகின்றது. அத்திவாரம் வெட்டியவர் மருதமுனையார். கல் கட்டிய மேசன் சாய்ந்தமருதைச் சேர்ந்தவர். கூரைக்கு மரம் இழைத்த ஓடாவி பாண்டிருப்பிலே பிறந்தவர். ஆனால், வாசலில் நாட்டிய பலகையிலே மின்னும் பெயரோ, இம்மூவரும் கண்டறியாத வெளியூர் நிறுவனத்தின் பெயர்! வேலை முடிந்ததும் அந்நிறுவனம் அனுபவச் சான்றுடன் மேற்படிக்கு ஏறுகின்றது. கட்டியவர்கள் மறுநாட் கூலிக்கு வழி பார்த்து நிற்கின்றனர். இதைத் தலைவிதி என்று சொல்லுவார் சொல்லட்டும், நாம் சொல்லோம். இது மனிதர் வகுத்த முறையின் விளைவு. மனிதர் வகுத்ததை மனிதர் மாற்றலாம்.

1986ஆம் ஆண்டில் தோன்றிய நிர்மாணப் பயிற்சி அபிவிருத்தி நிறுவகத்தின் இடத்தில், 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகாரசபையை அமர்த்தியது. ஒப்பந்தகாரர் அங்கே பதிந்து ‘சி’ என்னும் எழுத்தோடு ஓர் எண்ணைத் தரமாகப் பெறுகின்றார். எண் சிறுத்தால் வேலை பெருக்கும். எண் பெருத்தால் வேலை சிறுக்கும். பணபலம் எவ்வளவு, பொறியியலாளர் எத்தனை பேர், இயந்திரங்கள் எவை, முன்பு முடித்த வேலைகள் எவை என்று பார்த்தே தரம் வழங்கப்படுகின்றது. எந்தத் தரத்தார் கேள்விப்பத்திரம் சமர்ப்பிக்கலாம் என்பதை அறிவித்தலே வரையறுத்து விடுகின்றது. பெருந்தொகை வேலைகளுக்கு 1987ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பகிரங்க ஒப்பந்தச் சட்டத்தின் கீழ் வேறு பதிவும் வேண்டும்.

உரிமமே வேண்டாம் என்று வாதாட நாம் வரவில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியபோது, இலங்கையிலே ஆகக்கூடிய உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டமே. அந்த மண்ணிலே சீமெந்தைக் குறைத்து மணலைக் கூட்டிச் சுவர் எழுப்புவோனைச் சட்டம் தடுத்தே ஆகவேண்டும். தகுதியைக் கேட்பது அரசின் கடமை. தகுதியை அடையும் வழியை அடைத்துவிட்டு, ‘தகுதி எங்கே?’ என்று கேட்பதுதான் அநீதி!

அடிப்படியில் கால் வைப்பது ஒருவாறு இயலும். அதற்கு மேலே ஏறவோ முடித்த வேலைக்குச் சான்று வேண்டும். நம்மவர் முடித்த வேலைகள் கொஞ்சமா? ஆனால் அவை வாய்மொழி உபகுத்தகையில் முடித்தவை. உழைப்பு நம்முடையது, பத்திரம் பிறருடையது. பைத்தியம் தெளிந்தால்தான் கலியாணம், கலியாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதையாக, பெரிய வேலைக்குத் தரம் வேண்டும், தரத்துக்குப் பெரிய வேலை வேண்டும் என்று நம் இளைஞர் சுற்றிச் சுற்றி வருகின்றனர்.

மொழியின் கதை இன்னொன்று. 1956இல் தமிழைப் புறந்தள்ளிய சிங்களம் மட்டும் சட்டத்தின் இலக்கமும் 33 என்பது தற்செயலே. எனினும், 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கிற்று. 1988இன் 16ஆவது திருத்தம் வடக்கிலும் கிழக்கிலும் தமிழை நிருவாக மொழி ஆக்கிற்று. நடைமுறை என்ன? என்னிடம் வந்த ஒப்பந்தகாரர் ஒருவர் ஓர் அலுவலகத்துக்குத் தமிழில் விண்ணப்பித்தார். பதில் சிங்களத்தில் வந்தது. அதை வாசித்துச் சொல்ல ஆள் தேடிப் பிடிப்பதற்குள் தவணை கடந்துவிட்டது. அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை சட்டபூர்வமான தொழிலைச் செய்யும் சுதந்திரத்தை ஒவ்வொரு பிரசைக்கும் தருகின்றது. அதற்குத் தகைமைகளால் வரம்பிட 15ஆம் உறுப்புரை இடமளிக்கின்றது, உண்மை. ஆனால் 12ஆம் உறுப்புரையின் சமத்துவத்தை மொழியாலும் தூரத்தாலும் குலைக்க எந்த உறுப்புரை இடமளித்தது?

கமக்காரப் பெருமக்களே! இது கொத்தனாரின் சங்கதி, நமக்கென்ன என்றிருந்து விடாதீர்கள். வாய்க்கால் எவ்விடத்தில் உடைக்கும் என்பதை உங்கள் வட்டவிதானை அறிவார். முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து வரும் குத்தகைக்காரர் அறியார். அவர் கட்டிய அணைக்கட்டு முதல் மாரியிலே கரைந்தால், அவர் பணம் பெற்றுப் போயிருப்பார். உங்கள் வயலன்றோ காயும்? சிறு வேலைகளைக் கமக்காரர் அமைப்புகளிடம் நேரே ஒப்படைக்கும் வழக்கம் இந்நாட்டில் உண்டு. அதனை உரிமையோடு கேளுங்கள்.

பிறர்மீது பழி போட்டு நாம் தப்பவும் கூடாது. பதிவு பெற்ற நம்மவர் சிலர், அப்பத்திரத்தை நூற்றுக்கு இவ்வளவு என்று இரவல் கொடுத்து, வீட்டுத் திண்ணையிலே குந்தியிருந்து தின்கின்றனர். தம் இனத்து இளைஞனின் அனுபவத்தைத் தம் பெயரில் எழுதிக் கொள்ளும் இவர்கள், வெளியூர் நிறுவனத்திலும் எவ்வகையில் மேலானவர்?

ஆகவே நாம் கேட்பவை நான்கு. அரசாங்க வேலையில் உபகுத்தகை எதுவும் எழுத்தில் அமையவேண்டும். முடித்தவருக்கு அவர் பெயரிலேயே சான்று வழங்கவேண்டும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி நூற்றுக்கு அறுபது பேர் தமிழ் பேசும் மக்களாகிய இம்மாவட்டத்திலே, பதிவுக்கான நேர்காணலும் கடிதமும் தமிழில் நடைபெற வேண்டும். அதிகாரிகள் குறித்த நாட்களில் கல்முனைக்கு வந்து அலுவல் பார்க்கவேண்டும். இவை சலுகைகள் அல்ல. சட்டம் ஏற்கெனவே தந்த உரிமைகளின் நிறைவேற்றம்.

நம் பங்குக்கும் ஒன்றுண்டு. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்தில் கற்றுத் தேறும் பிள்ளைகளும், முப்பது வருடம் சாந்து குழைத்த மேசன்மாரும் ஒரே நிறுவனமாய்ச் சேரட்டும். படித்தவரிடம் தகைமைப் பத்திரம், உழைத்தவரிடம் தொழில். இரண்டும் இணைந்தால் எந்தத் தரத்தின் கதவுதான் திறவாது?

நாட்டிய பலகையிலே நம் பெயரும் ஏறுக! கட்டிய கையே கணக்கிலும் ஏறுக!